பதினேழு, ஆறு, இரண்டாயிரத்து ஐந்து

வயது என்ன என்று கேட்டதும் ரெனிட்டா எழுந்து நின்றாள். யாரும் எழச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் நலக் குழுவின் தலைவி, அவருக்கு இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். இந்தப் பக்கம் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். நடு நாற்காலியிலிருந்து எழுந்த அந்தப் பெண் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி, "பதினேழு, ஆறு, ரெண்டாயிரத்து அஞ்சு" என்றாள். தேதி கேட்கவில்லையம்மா, வயதுதான் கேட்டேன் என்றார் தலைவி. ரெனிட்டா அதே ராகத்தில் இன்னொரு முறை தேதியைச் சொல்லி, "பத்தொம்பது முடிஞ்சி இருபது நடக்குது" என்று சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த ராகம் ஜெயசீலியுடையது. முப்பத்து மூன்று வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த ராகம். ஆம்பூரில் பாதிப் பேர் இன்றைக்கும் ஏழெட்டு ஐம்பத்தாறை அந்த ராகத்தில்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு காய்கறி வாங்குகிறார்கள். ரெனிட்டாவுக்குப் பக்கத்து நாற்காலியில், கழுத்தில் தன்னார்வலர் அட்டை தொங்க, மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெயசீலி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

உறுப்பினர்களில் ஒருவர், பார்த்தால் பதினைந்துக்கு மேல் சொல்ல முடியவில்லையே என்று முணுமுணுத்தார். தலைவி கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். பள்ளிக்கூடத்து ரெக்கார்டு ஷீட். எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்குக் கொடுப்பது. பிறந்த தேதி தெளிவாக இருந்தது, கோபுர முத்திரைக்குப் பக்கத்தில் பள்ளியின் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது, தலைமை ஆசிரியர் கையெழுத்தும் இருந்தது. கையெழுத்து வெறும் கிறுக்கல். ஒரு சுழி, ஒரு கோடு, கடைசியில் ஒரு புள்ளி. அதில் யாருடைய பெயரையும் படிக்க முடியாது. கழுத்து அட்டையில் மட்டும் ஜெயசீலி சுந்தர்ராஜ் என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அவள் பாட்டிலைக் கொஞ்சம் மேலே தூக்கி அட்டையை மறைத்துக்கொண்டாள்.

ஜெயசீலி எப்படி இந்த நாற்காலிக்கு வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் மிஷன் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, கடைசி ஒன்பது வருடம் தலைமை ஆசிரியையாக இருந்து, 2023 மே மாதம் ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற மூன்று மாதம் வீட்டைக் கழுவினாள். கழுவிய வீட்டையே மறுபடி கழுவினாள். அவள் கணவர் சுந்தர்ராஜ் வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் இருந்து ஓய்வு பெற்றவர், சாது. அவர் குடித்து வைத்த டம்ளரை எங்கே வைக்க வேண்டும் என்று ஜெயசீலி வகுப்பெடுக்க ஆரம்பித்ததும், எங்கேயாவது போய் வேறு யாருக்காவது பாடம் நடத்து தாயே என்று கும்பிட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் அறிவிப்பு. ஆள் கடத்தலில் இருந்து மீட்கப்பட்ட பெண்களுக்காக வேலூரில் ஒரு இல்லம் நடக்கிறது, அவர்களோடு கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போக, பக்கத்தில் உட்கார, படித்த பெண்கள் தேவை. ஜெயசீலி கையைத் தூக்கினாள். முன்வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினால் சபை முழுக்கப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

இல்லத்தின் பொறுப்பாளர் பெயர் தபஸ்ஸும், மேல்விஷாரத்துப் பெண். இருபத்தெட்டு வயது. சமூகப்பணி படித்தவள். மூன்று நாள் பயிற்சியில் அவள் சொன்னது மொத்தமே நாலு விஷயம். நீயாக எதையும் கேட்காதே. வாக்குக் கொடுக்காதே. கேட்காமல் தொடாதே. அழுதால் அழ விடு. வாயை வைத்தே வாழ்க்கை நடத்திய ஜெயசீலிக்கு இது பெரிய தண்டனையாகப் பட்டது. முதல் இரண்டு மாதம் வாயில் பாதாம் பருப்பைப் போட்டுக் குதப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், பேச்சு வராமல் இருக்க. பிறகு பழகிவிட்டது. செங்கல் சூளையில் இருந்து வந்த ஒரு பெண் பதினாறு நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதினேழாம் நாள் தானாக வந்து, பஸ்சில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எப்படிப் படிப்பது என்று கேட்டாள். ஜெயசீலி அன்றைக்கு பஸ்சில் ஆம்பூர் வரை அழுதுகொண்டே வந்தாள், சந்தோஷத்தில்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சர்ச்சில் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்துப் பதினைந்து நிமிஷம் பேசினாள். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. வெளியே வந்தபோது நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்படியே இன்னொரு கிறிஸ்துமஸும் போனது. இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு காலை, இல்லத்து வாசலில் வேன் வந்து நின்றது. பெங்களூரு பக்கம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், செருப்பு மேல்பாகம் ஒட்டும் இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்த ஆறு பெண்களை மீட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஆறாவதாக இறங்கிய பெண் உயரமாக, எலும்பாக, தலைமுடி கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, ஜெயசீலியிடம் வந்ததும் நின்றாள். முகம் மலர்ந்தது. "டீச்சர்" என்றாள்.

ஜெயசீலிக்கு அந்த நொடியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. யார் கூட்டிப்போனது, எதைக் காட்டிக் கூட்டிப்போனது, எல்லாம். இருந்தாலும் தபஸ்ஸும் விசாரித்தபோது, என்னிடம் படித்த பெண் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குத் தைரியமாக இருக்கும் என்று தபஸ்ஸும் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் ஜெயசீலி ஒளிந்துகொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். ஷூ கம்பெனிகளில் பதினெட்டு முடியாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து சோதிப்பார்கள், கெடுபிடி ஜாஸ்தி. ஆனால் எட்டாவதோடு நின்றுபோன பெண்ணை வீட்டில் நாலு வருடம் சும்மா வைத்திருக்க யாருக்கும் முடியாது. ஒன்று, தோல் பதனிடும் இடத்தில் ரசாயனத் தண்ணீரில் நிற்கப் போவாள், அல்லது கல்யாணம். கம்பெனி என்றால் வாசலுக்கு பஸ் வரும், பிஎஃப் உண்டு, ஈஎஸ்ஐ உண்டு. அதனால் அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். டீச்சரம்மா, வயசைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்க என்பார்கள். அதை ஒரு குற்றம் என்று அந்தத் தெருக்களில் யாரும் நினைப்பதில்லை, கடைக்காரரிடம் ஒரு பிடி கூடப் போடச் சொல்வதைப் போலத்தான். ஜெயசீலி ஒன்பது வருடத்தில் பதினேழு பேருக்குக் கூட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வருடம், ஒன்றரை வருடம். காலையில் கம்பெனி பஸ் அவள் தெருவைக் கடக்கும்போது நீலக் கோட்டு போட்ட பெண்கள் ஜன்னல் வழியாகக் கையசைப்பார்கள். கோலம் போட்டுக்கொண்டிருக்கும் எதிர்வீட்டம்மா பார்க்கும்படி இவளும் கையசைப்பாள்.

ரெனிட்டாவுக்கு மட்டும் நாலு வருடம். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவள் அம்மா செல்வமேரி, ஜெயசீலி ஓய்வு பெறும் வாரத்தில் ஆபீஸ் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். புருஷன் இல்லை, நாற்பது வயதுக்காரன் ஒருவன் பெண் கேட்டு வருகிறான், மாமியார் வீட்டார் சரி என்கிறார்கள். கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் காசி, டீச்சரிடம் ஒரு பேப்பர் மட்டும் வாங்கி வா, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பெண் ஆந்திரா எல்லையில் அம்மா வீட்டில் பிறந்தது, பிறப்புச் சான்றிதழும் கிடையாது. ஜெயசீலி யோசித்தாள். பெண் வளர்த்தியாக இருந்தாள், பதினெட்டு என்றால் நம்பலாம். மேசை டிராயரில் எல்லாம் ஒழித்தாகிவிட்டது, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் மேலே இருந்தது. 2009 என்று எழுத வேண்டிய இடத்தில் 2005 என்று எழுதினாள். அவள் தலைமை ஆசிரியையாகப் போட்ட கடைசிக் கையெழுத்து அது.

எழுதிக் கொடுத்ததோடு விடுகிற ஆள் இல்லையே நம் டீச்சர். பெண் எங்கேயாவது உளறிவிட்டால்? நிற்க வைத்து, கையைக் கட்டச் சொல்லி, வாய்ப்பாடு மாதிரி பத்துத் தடவை சொல்ல வைத்தாள். பதினேழு, ஆறு, இரண்டாயிரத்து என்று வந்து பெண் தடுமாறும்போதெல்லாம் ஐந்து விரலை விரித்துக் காட்டினாள். அது அவளுடைய பழைய வித்தை. இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவாள். பிள்ளைகள் டக்கென்று பதில் சொல்லும். அவளுடைய பள்ளிக்கு எப்போதும் நல்ல பெயர்தான். பத்தாவது தடவை ரெனிட்டா விரலைப் பார்க்காமலே சொன்னாள். ஜெயசீலி அவள் கன்னத்தைத் தட்டி, வேறு ஏதோவும் சொல்லி அனுப்பினாள். என்ன சொன்னாள் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

காசி அந்தப் பேப்பரை வைத்து ஆதார் அட்டையில் தேதியை மாற்றினான். இங்கே வேலை நிரம்பிவிட்டது, பெங்களூரு கிளையில் ஹாஸ்டலோடு இருக்கிறது என்று வேனில் ஏற்றினான். இருபது மாதம். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஷட்டரை வெளியே பூட்டினார்கள். செருப்பு ஒட்டும் சொல்யூஷன் பசையைத் தடவித் தடவி ரெனிட்டாவின் விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. மீட்ட அன்று கைரேகை மெஷினில் எந்த விரலை வைத்தாலும் ஏற்கவில்லை என்று தபஸ்ஸும் சொன்னாள்.

குழுவின் முன் நடந்ததற்கு வருவோம். வயதுதான் எல்லாம் என்று தபஸ்ஸும் ஏற்கெனவே விளக்கியிருந்தாள். பெண் சிறுமி என்றால் காசி மீது பாயும் பிரிவு வேறு, சம்மதித்துத்தான் வந்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தொன்பது என்றால், சம்பளம் பேசி விருப்பத்தோடு வந்த பெண் என்று அவன் வக்கீல் வாதாடுவார். ஏற்கெனவே அந்த ரெக்கார்டு ஷீட்டைக் காட்டித்தான் ஜாமீன் வாங்கியிருந்தான். வெளியே வந்ததும் முதல் வேலையாகச் செல்வமேரி வீட்டுக்குப் போய், பெண்ணை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வயதைக் கணிக்க எக்ஸ்ரே எடுத்து எலும்புச் சோதனை செய்யலாமா என்று தபஸ்ஸும் கேட்டதற்கு, பள்ளிச் சான்று இருக்கும்போது அதற்கு அவசியமில்லை என்றார் தலைவி. முடிவில், இந்தச் சான்று உண்மைதானா என்று பள்ளியிடம் கேட்டு எழுதுவது என்றும், பதில் வந்ததும் மறுபடி கூடுவது என்றும் தீர்மானமாயிற்று.

பத்து நாளில் ஆல்வினிடமிருந்து போன் வந்தது. ஆல்வின் இப்போதைய தலைமை ஆசிரியர், ஜெயசீலியின் கீழே பதினோரு வருடம் வேலை செய்தவர். நேரில் வரச் சொன்னார். அவள் போனபோது பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் கூட்டமாக வணக்கம் சொன்னதுகள். ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திவிட்டு ஆல்வின் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து வைத்தார். 2014ஆம் வருடத்துப் பக்கம். ரெனிட்டா, தாயார் செல்வமேரி, பிறந்த தேதி 17.06.2009. நீல மையில், அழகான உருண்டை எழுத்தில். அதுவும் ஜெயசீலியின் கையெழுத்துதான், அவள் தலைமை ஆசிரியையான முதல் வருடத்தில் எழுதியது.

ஆல்வின் நல்ல மனிதர். அவர் அதைச் சொன்ன விதத்திலும் நன்றிதான் இருந்தது. "ஒன்பத அஞ்சாக்க முடியாது மேடம், தெரிஞ்சிடும். ஆனா இருபத்தொண்ணு மழையில பீரோவுக்குள்ள தண்ணி பூந்தது உங்களுக்கே தெரியும். ரெண்டு ரிஜிஸ்டர் நனைஞ்சிபோச்சின்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோம். மூணுன்னு எழுதினா யார் கேக்கப் போறாங்க?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மேடம் இல்லையென்றால் தனக்கு இந்த வேலையே இல்லை என்றும், மற்ற பதினாறு பெண்களையும் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஜெயசீலி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ரெண்டு நாள் வெச்சிரு ஆல்வின்" என்றாள். வெளியே வந்து வெயிலில் நடந்தபோதுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. சீ என்றிருந்தது. கூடவே, பென்ஷன் போய்விடுமா, பேப்பரில் போட்டோ வருமா, சர்ச்சில் எந்த வரிசையில் உட்காருவது என்றெல்லாம் மனம் ஓடியது. அந்தப் பெண்ணைப் பற்றிய நினைவு இவற்றுக்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

வீட்டில் சுந்தர்ராஜிடம் சொன்னாள். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ கெட்ட எண்ணத்துல செய்யல சீலி. கடவுளுக்குத் தெரியும்" என்றார். ஜெயசீலி, "கமிட்டில கடவுள் உக்காரலீங்க" என்றாள். அவர் எழுந்து போய், அவரே இரண்டு டம்ளர் டீ போட்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

மறுநாள் இல்லத்துக்குப் போனபோது அவளுக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. கோழை வழிதான். பெண்ணே உண்மையான வயதைச் சொல்லிவிட்டால், குழுவுக்குச் சந்தேகம் வந்து எலும்புச் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மை அந்தப் பக்கமாக வெளியே வந்துவிடும், தான் வாயைத் திறக்கவே வேண்டாம். ரெனிட்டா கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப்பைப் பிடிக்கும்போது நுனி விரல்களை விட்டுவிட்டு விரல் நடுவால் பிடித்தாள். ஜெயசீலி ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தபடி மெல்ல ஆரம்பித்தாள். அடுத்த தடவை கேட்கும்போது நிஜ தேதியைச் சொல்லிவிடேன், ஒன்பது என்று.

ரெனிட்டா கையிலிருந்த பாவாடையைக் கொடியில் போடாமல் நின்றாள். "இன்னா டீச்சர் இப்டி சொல்றீங்க? மாத்தி சொன்னா டீச்சரை ஜெயில்ல போட்டுடுவாங்க, யார் கேட்டாலும் மாத்தி சொல்லாதன்னு நீங்கதான சொன்னீங்க."

ஜெயசீலிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கன்னத்தைத் தட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னது. பிள்ளைகளை அடக்க ஆசிரியர்கள் சொல்லும் ஆயிரம் பொய்களில் ஒன்று மாதிரி.

"நான் ஒருதரமும் மாத்தி சொல்லல டீச்சர்," என்றாள் ரெனிட்டா. அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது, வீட்டுப்பாடம் முடித்த பிள்ளையின் பெருமை. "அங்க போயி எட்டு மாசம் ஆனப்ப, சின்னப் பசங்கள வேலைக்கு வெச்சிருக்காங்களான்னு பாக்க ஆபீசருங்க வந்தாங்க. எங்கள வரிசையா நிக்க வெச்சி வயசு கேட்டாங்க. என் பக்கத்துல ஒடிசாக்கார பொண்ணுங்க ரெண்டு பேரு. பதினாலு, பதினஞ்சுன்னு சொல்லிடுச்சிங்க. அதுங்கள ஜீப்ல ஏத்திக்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் கரெக்டா சொன்னேன்."

கரெக்டாகச் சொன்னதால் இன்னும் பன்னிரண்டு மாதம். ஜீப் போன பிறகு ஷட்டரை இறக்கிய சத்தம் பற்றியோ, அன்றைக்குச் சாப்பிட்டாளா என்பது பற்றியோ ரெனிட்டா எதுவும் சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி, ஜெயசீலியும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில், வாயில் முந்தானையை வைத்து அழுதாள். டீச்சரை ஒரு பிள்ளை காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, அந்த டீச்சர் சர்ச்சில் மைக் பிடித்துக்கொண்டிருந்த நாட்களிலும். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகத் தபஸ்ஸுமின் அறைக்குப் போய், உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

தபஸ்ஸும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயசீலிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஃபைலை மூடிவிட்டு, "இத நீங்க பிப்ரவரியிலயே சொல்லியிருக்கணும் டீச்சர்" என்றாள். பிறகு பொறுப்பாளரின் குரலில், செய்ய வேண்டியதைச் சொன்னாள். எழுத்து மூலமாக வாக்குமூலம் கொடுக்க வேண்டும். பதிவேட்டைத் தலைமை ஆசிரியர் நேரில் கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகு என்ன வழக்கு வரும் என்று தன்னால் சொல்ல முடியாது. "இன்னொண்ணு. நீங்க சாட்சி ஆய்ட்டா அவ பக்கத்துல உக்கார முடியாது. இங்க வரவும் முடியாது. அவகிட்ட இனிமே பேசக் கூடாது, நீங்க சொல்லிக்குடுத்தீங்கன்னு ஆயிடும்."

ஜெயசீலி இதை எதிர்பார்க்கவில்லை. ஜெயிலைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் நினைத்தவளுக்கு, அந்த நாற்காலி போகும் என்று தோன்றவே இல்லை. நான் ஏன் சொல்கிறேன் என்றாவது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். தபஸ்ஸும் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. அவள் பக்கத்தில் இனி யார் உட்காருவார்கள் என்று ஜெயசீலி கேட்டாள். நான் உட்காருகிறேன் என்றாள் தபஸ்ஸும். ஜெயசீலி கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கயிறு தலைமுடியில் சிக்கிக்கொண்டது, அதை எடுத்துவிடத் தபஸ்ஸும்தான் எழுந்து வந்தாள். வெளியே போகும் வழியில் கொல்லைப்புறம் தெரிந்தது. ரெனிட்டா மிச்சத் துணியையும் காயப்போட்டுவிட்டு, டீச்சர் வருவாள் என்று வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்று ஜெயசீலி ஆல்வினுக்குப் போன் செய்தாள். "இருக்கறத இருக்கற மாதிரியே எடுத்துக்னு வா" என்றாள். அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் வைத்துவிட்டாள்.

குழு ஏப்ரல் இரண்டாம் வாரம் கூடியது. அதே அறை, அதே காலண்டர், மாதம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. ஜெயசீலியைச் சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஆல்வின், மடியில் துண்டில் சுற்றிய பதிவேடு. அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது, பெஞ்சும் சேர்ந்து ஆடியது. ரெனிட்டா தபஸ்ஸுமோடு உள்ளே வந்தாள். புது சுடிதார், எண்ணெய் வைத்து வாரிய குட்டை முடி. தன் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள், தபஸ்ஸும் உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்கத் தேடி, பெஞ்சில் ஜெயசீலியைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினாள். ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்பது போல.

பதிவேடு மேசைக்குப் போனது. தலைவி பக்கத்தைப் பார்த்தார், ரெக்கார்டு ஷீட்டைப் பார்த்தார், ஜெயசீலியின் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். உறுப்பினர்கள் தலையை நீட்டிப் படித்தார்கள். யாரும் ஜெயசீலியைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார்கள். பிறகு தலைவி ரெனிட்டாவின் பக்கம் திரும்பினார். பேப்பரில் இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்குக் கோர்ட்டில் அவன் வக்கீல் உன்னையேதான் கேட்பார், அதனால் உன் வாயால் சொல்லு. நீ எப்போது பிறந்தாய்?

ரெனிட்டா எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். "பதினேழு," என்றாள். "ஆறு. ரெண்டாயிரத்து..."

நின்றுவிட்டாள். மேசைமேல் விரித்து வைத்திருந்த பதிவேட்டைப் பார்த்தாள், அது எந்தப் பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெல்லத் தலையைத் திருப்பி ஜெயசீலியைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு நடுவில் மாட்டிக்கொண்டால் பார்ப்பாளே, அதே பார்வை. சொல்லட்டுமா, சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும் என்று அந்தப் பார்வை கேட்டது.

ஜெயசீலிக்குப் பேச அனுமதி இல்லை. அவள் மடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். விரல்களை விரித்து, ஒரு கட்டைவிரலை மட்டும் மடக்கி, மார்புக்கு நேராகப் பிடித்தாள். மறைக்கவில்லை, யார் முதுகுக்குப் பின்னாலும் இல்லை. தலைவி பேனாவை மேசையில் தட்டி, "டீச்சர், சொல்லிக்குடுக்கக் கூடாது, கைய எறக்குங்க" என்றார். ஜெயசீலி இறக்கவில்லை. விரல்கள் விரிந்தே இருந்தன. ரெனிட்டாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கட்டிய கைகளை மெல்ல அவிழ்த்து, ரேகையில்லாத நுனிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தொட்டபடி, அவள் அந்த விரல்களை எண்ண ஆரம்பித்தாள்.